கலைந்ததா, கலைத்ததா? மகப்பேறு மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மையத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களே, ஸ்கேன் மையம் நடத்துகிறவர்களே, ரத்தப் பரிசோதனைக் கூடத்தாரே,

வணக்கம். நான் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் 31 வருடம், பி.பி. பார்க்கும் கருவியையும் சத்து மாத்திரை டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடந்தவள். பிரசவம் பார்த்திருக்கிறேன், பார்க்கத் துணை நின்றிருக்கிறேன், நடுராத்திரியில் ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட டார்ச் அடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றிருக்கிறேன். ஆனால் இவையெல்லாம் சேர்ந்தும் என் வேலையில் பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் கொடுத்தனுப்பிய தாளை வாசித்துச் சொல்வது. "நர்ஸம்மா, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டு இப்போதும் வீட்டுக்கு வருகிறார்கள். வர முடியாதவர்கள் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆளும் ஊரும் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன், நாள் கணக்கை மட்டும் மாற்றவில்லை. புருஷன் குவைத்தில் வேலை. இரண்டு வருடம் கழித்து விடுப்பில் மார்ச் 12-ஆம் தேதி வந்து இறங்கினான். ஏப்ரல் 23 அன்று அவளுக்கு முதல் ஸ்கேன். தாளில் 7 வாரம் 2 நாள் என்று அச்சாகியிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலம், எண் மட்டும் எல்லோருக்கும் புரியுமே. சாயங்காலம் எனக்கு ஆள் வந்தது. போனால் மாமியார் மளிகைக்கடை மாதக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எம்மவன் வந்து எண்ணி ஆறே வாரம். இதுல ஏழு வாரம் ரெண்டு நாள்னு போட்டிருக்கு. நீயே சொல்லு நர்ஸம்மா" என்றார். அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் திண்ணையில் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தான். திரை அணைந்திருந்தது.

கடைசியாக மாதம் வந்த நாளைக் கேட்டேன். மார்ச் 3 என்றாள். காலண்டரை வாங்கி அந்தத் தேதியில் விரலை வைத்தேன். ஆத்தா, ஆஸ்பத்திரிக் கணக்கு இந்த நாளிலிருந்து ஆரம்பிக்கும், அன்றைக்கு வயிற்றில் கரு என்று ஒன்றுமே கிடையாது, முட்டை வெளியே வருவதே ஏறக்குறைய 14 நாள் கழித்துத்தான் என்றேன். விரலை நகர்த்தினால் மார்ச் 17. மகன் வந்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது. அங்கேயிருந்து எண்ணினால் ஸ்கேன் எடுத்த அன்று கருவுக்கு வயது ஐந்து வாரமும் இரண்டு நாளும். மாமியார் மூன்று முறை எண்ணச் சொன்னார். மூன்றாம் முறை விரலைத் தள்ளிவிட்டு அவரே எண்ணினார். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி போட்டு வந்தார். அந்தப் பெண் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கரு உண்டான நாள் யாருக்கும் தெரியாது, மாதம் வந்த நாள் தெரியும், அதனால் அங்கேயிருந்து எண்ணுகிறோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதம் கழித்து, ஒரு வருடம் சேர்த்தால் பிரசவத் தேதி. ஜெர்மானிய மருத்துவர் நேகலே பெயரில் நடக்கிற கணக்கு. மார்ச் 3 என்றால் டிசம்பர் 10. மொத்தம் 280 நாள், 40 வாரம், சில நாள் முன்பின் ஆகும். (நம் ஊரில் "பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்று சொன்னால், ஒன்பது மாதம்தானே என்று படித்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். 28 நாளுக்கு ஒரு மாதம் என்று வைத்துப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். கிழவி கணக்கும் நேகலே கணக்கும் ஒன்றுதான்.)

ஆக, உங்கள் கணக்கு தப்பில்லை. அதைக் கையில் வாங்கிப் போகிறவளுக்கு அது எந்த நாளிலிருந்து எண்ணிய கணக்கு என்று சொல்லாமல் அனுப்புவதுதான் தப்பு. "இந்த வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து, கரு உண்டானது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குப் பிறகு." இந்த ஒரு வரியைத் தாளின் அடியில் தமிழில் அடித்துவிட உங்களுக்கு எவ்வளவு மை செலவாகும்? வெளிநாட்டுக்குப் புருஷனை அனுப்பிவிட்டு இருக்கிற பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை வீட்டில் காலண்டரைக் கழற்றினார்களோ.

அடுத்தது சொந்தக் கதை. 1996. எனக்கு மூத்தவள் பிறந்து இரண்டு வருடம், மறுபடி உண்டாகியிருந்தேன். பத்தாவது வாரம் துடிப்பு இல்லை என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அனுப்பும்போது கொடுத்த சீட்டில் "மிஸ்டு அபார்ஷன்" என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா தாலுகா ஆபீஸில் இருந்தவர், ஆங்கிலம் படிப்பார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "யாரைக் கேட்டுக் கலைச்ச?" என்றார்.

நான் நர்ஸ். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னவள். அன்று எனக்கு வாய் வரவில்லை. வயிற்றில் வலி ஒரு பக்கம்; இன்னொரு பக்கம், சீட்டில் எழுதியிருக்கிறதே, அதை நான் எப்படி இல்லை என்பது?

மருத்துவத்தில் தானாகப் போன கருவும் அபார்ஷன், வேண்டாம் என்று கலைத்ததும் அபார்ஷன். தானாகத் துடிப்பு நின்று உள்ளேயே தங்கிவிட்டால் மிஸ்டு. ரத்தம் பட்டு, ஆனால் துடிப்பு நன்றாக இருந்து, கருப்பை வாயும் மூடியிருந்தால் த்ரெட்டன்டு. இதில் ஏராளமான பேருக்குப் பிள்ளை நல்லபடியாகவே பிறக்கிறது. உங்களுக்கு இவை வெறும் தலைப்புகள், கோப்பில் போடுகிற அடையாளம். இப்போது பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்து மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கிறார்கள். த்ரெட்டன்டு அபார்ஷன், "அச்சுறுத்தப்பட்ட கருக்கலைப்பு" என்று வருகிறது. யாரோ மிரட்டிக் கலைத்த மாதிரி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய வாசகம்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். எழுத்து வாசனையே இல்லாத கிழவி சொல்வாள்: "அவளுக்குக் கலைஞ்சு போச்சு." வேறொருத்தியைப் பற்றி: "அவ கலைச்சுட்டா." கலைந்தது, கலைத்தது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதுதான். ஒரே ஒரு மெய்யெழுத்து மாறுகிறது, விஷயம் முழுவதும் மாறிவிடுகிறது. எழுத்துத் தமிழில் கருச்சிதைவு, கருக்கலைப்பு என்று இரண்டு சொல் தனித்தனியாக இருக்கிறது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற ஒரு மொழிக்காரியின் கையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய சீட்டைக் கொடுத்து அனுப்புகிறோம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கலைத்தவள் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. 1971-லிருந்து இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2021-இல் அதைத் திருத்தியபோது, கருத்தடை பலிக்காமல் போன இடத்தில் "திருமணமான பெண், அவள் கணவன்" என்றிருந்ததை "பெண், அவளுடைய துணை" என்று மாற்றினார்கள். நாடாளுமன்றமே ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசிக்கிறது. கலைத்தவளுக்கு அவள் விவரம் வெளியே போகாத பாதுகாப்பு வேண்டும், சட்டமும் அதைச் சொல்கிறது. கலைந்தவளுக்குப் பழி வராத பாதுகாப்பு வேண்டும். ஒரே சொல் இரண்டு பேரையும் காட்டிக் கொடுக்கிறது.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை இருந்தது. 1985-இல் ரிச்சர்ட் பியர்ட் என்ற மகப்பேறு மருத்துவரும் இன்னும் இரண்டு பேரும் லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு எழுதினார்கள், தானாகப் போகும் கருவுக்கு மிஸ்கேரேஜ் என்றே சொல்லலாமே என்று. அதற்குப் பிறகு அங்கே மருத்துவர்களின் எழுத்தில் சொல் மெல்ல மெல்ல மாறியது. நான் 1996-இல் சீட்டு வாங்கும்போது அந்தக் கடிதத்துக்கு வயது பதினொன்று. கடல் தாண்டி வர இன்னும் நேரம் பிடிக்கும் போலிருக்கிறது, போன மாதம்கூட ஒரு பெண் அதே வார்த்தை எழுதிய தாளோடு வந்தாள்.

அபார்ஷன் என்ற அந்தச் சொல் உங்கள் குறிப்பில் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தாகவும் ஒளிந்திருக்கிறது. ஜி3, பி1, எல்1, ஏ1. மூன்றாவது முறை உண்டாகியிருக்கிறாள், ஒரு பிரசவம், ஒரு பிள்ளை உயிரோடு, ஒரு கரு போனது. நான்கு எழுத்தில் ஒரு பெண்ணின் பத்து வருடம். நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன், வேலைக்கு வசதியான முறை. ஆனால் இப்போது வீட்டுக்கு ஒருத்தி நர்ஸிங் படிக்கிறாள். கல்யாணமான புதிதில் போன கருவைப் பற்றிப் புகுந்த வீட்டில் வாய் திறக்காத ஒரு பெண்ணின் தாளைப் பார்த்து நாத்தனார் மகள், "அத்தை, ஏ1னு போட்டிருக்கே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாளாம். கோப்பில் அது இருக்கட்டும், வேண்டியதுதான். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் தாளின் தலையில் அது எதற்கு?

சொற்களில் பழி இருப்பது இதோடு நிற்கவில்லை. கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துகொள்வதற்கு உங்கள் அகராதியில் இன்காம்பிடென்ட் என்று பெயர், திறமை இல்லாதது என்று. 35 வயதில் முதல் பிள்ளை என்றால் எல்டர்லி ப்ரைமி. "எல்டர்லின்னா கெழவிதானே சிஸ்டர்" என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் என்னிடம் கேட்டார், சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கருப்பை வாய்க்கு வேறு விதமாகச் சொல்ல நம் பெண்களுக்குத் தெரியும். "வாய் திறந்துக்குதாம், தையல் போட்டிருக்காங்க." அவ்வளவுதான். அந்தத் தையல் முறைகளில் பெயர்பெற்ற ஒன்று நம் நாட்டுக்காரர், பம்பாய் மருத்துவர் ஷிரோத்கர் 1955-இல் எழுதி உலகத்துக்குக் கொடுத்தது. தையல் நம்முடையது, திட்டு மட்டும் இறக்குமதி.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தாருக்கு வருகிறேன். உங்கள் தாள் இன்னும் கஷ்டம், அதில் வார்த்தையே குறைவு. எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச்., ஏ.எம்.ஹெச்., பீட்டா ஹெச்.சி.ஜி. என்று முதலெழுத்துகள், பக்கத்தில் ஓர் எண், அதற்குப் பக்கத்தில் நான்கு வரி அளவுகள். மாதவிலக்கு ஆன முதல் பாதிக்கு ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு, பின்பாதிக்கு ஓர் அளவு, மாதவிடாய் நின்றவர்களுக்கு ஓர் அளவு. இதில் தன்னுடைய வரி எது என்று ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்தது இரண்டாம் நாளா இருபத்தொன்றாம் நாளா என்று தாளில் குறிப்பே இருப்பதில்லை. கடைசி வரியைப் பார்த்துவிட்டு "எனக்கு நின்னு போச்சாம்" என்று 28 வயதுப் பெண் அழுதுகொண்டு வந்திருக்கிறாள்.

கரு உண்டானதா என்று ரத்தத்தில் பார்க்கிற பீட்டா அளவை மார்க் மாதிரி ஆக்கிவிட்டார்கள். கருத்தரிப்பு சிகிச்சைக்குப் போகிற பெண்கள் ஒருத்திக்கொருத்தி "உனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் ஒரே ஓர் எண்ணை வைத்து அதிகம் சொல்ல முடியாது, இரண்டு மூன்று நாள் விட்டு எடுத்தால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது என்று உங்களுக்குத் தெரியும். ஏ.எம்.ஹெச். குறைந்தால் முட்டைக் கையிருப்பு குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். மீதி இருக்கிற முட்டையின் தரத்தையோ அடுத்த மாதம் தானாக உண்டாகுமா என்பதையோ அது சொல்லாது. ஆனால் தாளில் அந்த எண்ணை மட்டும் கறுப்பாகத் தடித்த எழுத்தில் அடித்து, பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறீர்கள். கல்யாணம் பேசுகிற வீட்டில் அந்த நட்சத்திரம் என்ன பாடு படுத்தும் என்று யோசித்ததுண்டா?

ஹார்மோன் என்ற சொல்லே பயம் காட்டுகிறது. முதல் மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்குப் புரோஜெஸ்டிரான் மாத்திரை எழுதியிருந்தார்கள். "ஹார்மோன் மாத்திரை, விடாமல் சாப்பிடு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனால் பட்டை பிரிக்காமல் அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை தின்றால் மீசை முளைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் அவளிடம், "இது கரு தாங்குறதுக்கு மாத்திரைடி" என்றேன். "அப்படியா, அதை அங்கேயே சொல்லலாம்ல" என்று அப்போதே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஓய்வு பெற்றபின் படிக்க நேரம் கிடைத்தது. படித்தால் எனக்குச் சிரிப்பாக இருந்தது. புரோஜெஸ்டிரான் என்ற பெயரையே பிரித்துப் பார்த்தால், கருவைச் சுமப்பதற்கானது என்றுதான் பொருள் வருகிறது. நான் அடுப்படியில் நின்று சொன்னதும் அதேதான். ஆக்ஸிடோசின் என்றால் கிரேக்கத்தில் விரைவான பேறு. பிரசவ அறையில் எங்கள் ஆயாம்மாக்கள் அதை "வலி ஊசி" என்பார்கள். புரோலாக்டின் பாலுக்கானது. ஹார்மோன் என்ற சொல்லை 1905-இல் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் புழக்கத்தில் விட்டார், தூண்டி இயங்கவைப்பது என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து எடுத்து. நம் கலைச்சொல்காரர்கள் அதை இயக்குநீர் என்று ஆக்கியது சரியான பெயர்ப்புதான், யாரும் சொல்வதில்லை என்பது வேறு விஷயம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் விதிவிலக்கு. அதன் வேர்ச்சொல் மாட்டைக் கடித்து வெறிகொள்ள வைக்கிற ஒரு வகை ஈயைக் குறிப்பதாம். பெண்ணின் சுரப்புக்குப் பெயர் வைக்க ஈதான் கிடைத்திருக்கிறது!

கார்பஸ் லூட்டியம் என்பதற்கு மஞ்சள் உடல் என்று பொருள். முட்டை வெளியேறிப் போன இடம் மஞ்சளாக மாறி, நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பெடுக்கும் வரை கருவைத் தாங்கும் சுரப்பைக் கொடுக்கிறது. நான் பெண்களிடம், "முட்டை போன வீட்டுல மஞ்சள் பூசியிருக்கும், அது இருக்கிற வரைக்கும் கரு தாங்கும்" என்று சொல்வேன். நம் பெண்களுக்கு மஞ்சள் என்றால் அதற்குமேல் விளக்கமே வேண்டாம்.

இதனால் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழில் வைத்த பெயர்களும் அடிக்கின்றன. ஓவரிக்கு ஒரு புத்தகத்தில் சினைப்பை, இன்னொன்றில் சூலகம், மற்றொன்றில் அண்டகம், கருவகம். சினைமுட்டை என்று நான் ஒருமுறை சொல்லப்போய், "சினையா இருக்க நான் என்ன மாடா?" என்று ஒரு பெண் முறைத்தாள். எங்கள் பக்கம் மாடுதான் சினையாகும், பெண் முழுகாமல் இருப்பாள். அன்றிலிருந்து முட்டைப்பை என்றே சொன்னேன், யாரும் முறைக்கவில்லை.

பி.சி.ஓ.டி.யை நீர்க்கட்டி என்று பரப்பிவிட்டீர்கள். கட்டி என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். "எம்புள்ளைக்குக் கர்ப்பப்பையில கட்டியாம்" என்று தாய் தலையில் அடித்துக்கொண்டு வருகிறாள். அது கர்ப்பப்பையிலும் இல்லை, கட்டியும் இல்லை. முட்டைப்பையில் முழுசாகப் பக்குவமாகாமல் தேங்கி நிற்கிற சின்னச் சின்ன முட்டைக் கொப்புளங்கள். மூல ஆங்கிலப் பெயரே சரியில்லை, மாற்றுங்கள் என்று 2012-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு சொல்லியிருக்கிறது. நாம் அந்தப் பிழையைத் தமிழாக்கி இன்னும் ஒரு படி பயங்கரமாக்கிவிட்டோம்.

நஞ்சுக்கொடி பழைய சொல். "நஞ்சு விழுந்துருச்சா?" என்று கேட்ட எந்தக் கிழவியும் அதை விஷம் என்று நினைத்ததில்லை. டவுனில் படித்த பெண்கள் நினைக்கிறார்கள். ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்று வந்தால் பதறிப் போகிறார்கள். பெரும்பாலும் கருப்பை வளர வளர அது மேலே போய்விடும் என்று யாரும் சொல்வதில்லை. இளங்கொடி என்றும் ஒரு பெயர் உண்டு. அழகான பெயர், ஏன் விட்டோமோ.

கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்று எழுதுகிறீர்களே, அதைப் பற்றி ஒன்று. மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று நம்புகிற ஊர் இது. பிறந்தபின் தாய்மாமன் எண்ணெய்க் கிண்ணத்தில் பிள்ளை முகத்தைப் பார்த்து தோஷம் கழிப்பார்கள். முன்பெல்லாம் பிறந்தபின்தான் தெரியும், எண்ணெயோடு முடிந்துவிடும். இப்போது எட்டாம் மாத ஸ்கேனிலேயே நீங்கள் ஒரு வரி போட்டுவிடுவதால் இரண்டு மாதம் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் பேச்சு ஓடுகிறது. நான் பார்த்த பிரசவங்களில் எத்தனையோ பிள்ளைகள் கொடியைச் சுற்றிக்கொண்டு வந்து, விரலால் எடுத்துவிட்டதும் வீல் என்று அழுதிருக்கின்றன. சுற்றியிருப்பது சாதாரணம் என்று நான்கு வார்த்தை சேர்த்து எழுதினால் என்ன?

சொல்லை மாற்ற முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மலட்டுத்தன்மை சிகிச்சை என்று போர்டு வைத்திருந்தவர்கள் இன்று கருத்தரிப்பு மையம் என்று வைத்திருக்கிறார்கள். மலடு என்று எழுதிய வாசலில் யாரும் செருப்பைக் கழற்ற விரும்பவில்லை என்று தெரிந்ததும் மாற்றினீர்கள். நல்லது. வியாபாரத்துக்கு மாறிய சொல் நோயாளிக்காகவும் மாறட்டும்.

தமிழ் வராது என்றும் சொல்லாதீர்கள். உங்கள் ஸ்கேன் மையத்தில் கண்ணில் படுகிற மாதிரி பெரிதாக ஒரு தமிழ் போர்டு இருக்கிறது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று. 1994-ஆம் வருடச் சட்டத்தின் விதிப்படி ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அது இருந்தே ஆகவேண்டும். ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்கிற மாதிரியான சோதனைக்கு அவளுக்குப் புரிகிற மொழியில் சம்மதம் வாங்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவளை எச்சரிக்கவும் அவளிடம் கையெழுத்து வாங்கவும் தமிழ் வருகிறது. அவள் வயிற்றில் என்ன நடக்கிறது என்று சொல்லும்போது மட்டும் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பாடம் நடத்தி, 1857-இல் பிரசவ வைத்தியம் என்று புத்தகமே போட்டிருக்கிறார். வெளியூர்க்காரர், நம்மிடம் வந்து தமிழ் கற்றுக்கொண்டவர்.

அரசாங்கத்தின் தாய் சேய் அட்டை தமிழில்தான் இருக்கிறது. அதில் குறை சொல்ல நிறைய இருந்தாலும், சிவப்பு அடையாளங்களைக் காட்டி "இது வந்தா உடனே கூப்பிடு" என்று சொல்ல எனக்கு அது உதவியிருக்கிறது. தனியார் தாள்தான் பிரச்சினை.

உங்கள் ஆங்கிலத் தாளை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மருத்துவர் எழுதியதை இன்னொரு மருத்துவர் படிக்க அது இருக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தஞ்சாவூருக்கு அனுப்புகிறபோது அந்தத் தாள்தான் உயிரைக் காப்பாற்றும், கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது அதன் அடியில் நான்கைந்து வரி. கடைசி மாதவிலக்கிலிருந்து இத்தனை வாரம். துடிப்பு இருக்கிறது, நன்றாக இருக்கிறது. பார்க்கவேண்டியது இன்னது, பயப்படவேண்டியது இல்லை. அல்லது, உடனே வரவேண்டியது. அடுத்து வரவேண்டிய தேதி. கரு தானாகப் போயிருந்தால் கருச்சிதைவு என்று தமிழில் எழுதுங்கள், முடிந்தால் ஒரு வரி சேர்த்து: இது அவள் செய்த எதனாலும் ஆனதல்ல. ஆரம்பத்தில் போகிற கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு என்று நீங்கள்தான் எங்களுக்கு வகுப்பெடுத்தீர்கள். பைக்கில் போனதோ, பப்பாளி தின்றதோ, குடம் தூக்கியதோ காரணம் என்று மாமியார் முடிவு கட்டுவதற்குள் உங்கள் கையெழுத்தோடு அந்த வரி வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். 1996-இல் எனக்கு அப்படி ஒரு தாள் கிடைத்திருந்தால் பெரியப்பாவிடம் நீட்டியிருப்பேன்.

இதற்காகக் குழு போட்டுப் புதுச் சொல் உருவாக்கப் போகிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். உங்கள் வெளிநோயாளிப் பகுதியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் கேளுங்கள். பனிக்குடம் உடைந்தது, பிள்ளை தலை இறங்கிவிட்டது, வலி கண்டிருக்கிறது, துடிப்பு குறைகிறது. வேண்டிய சொல்லெல்லாம் அங்கே இருக்கிறது.

நானும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். 31 வருடத்தில் இரண்டு நீளமான கணக்கு நோட்டு நிறைந்திருக்கிறது, எந்த ஊரில் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று. கடலோரத்து ஊர்களில் ஒரு பேச்சு, உள்ளே வர வர இன்னொரு பேச்சு. யாருக்காவது வேண்டுமானால் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீர்கள். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வருகிற நாள், பழக்க தோஷம், காலையிலேயே அங்கே போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்